பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றுபோன குதிரை

கேள்வி: ஐயா, நான் தென்காசிப் பக்கத்துக்காரன். அபுதாபியில் ஒரு எண்டுரன்ஸ், அதாவது நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி லாயத்தில், குதிரையைப் பராமரிக்கும் க்ரூமாக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் உள்ள ஒன்பது வயது அரபுக் குதிரை, காயடித்தது, போன மாதம் 100 கிலோமீட்டர் போட்டியின் முதல் சுற்றிலேயே, ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், பின்கால்களை எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டது. வேர்த்துக் கொட்டியது, புட்டம் கல் மாதிரி இறுகியிருந்தது. ‘நடத்து, சரியாகிவிடும்’ என்று லாயத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதால் நடத்தினோம். சாயங்காலம் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. போட்டிக்கு முன் இரண்டு நாள் லாயத்திலேயே நிறுத்தி, தெம்புக்காக பார்லியும் ஓட்ஸும் வழக்கம்போலக் கொடுத்திருந்தோம். இதற்கு முன்பும் ஒருமுறை, விடுமுறைக்கு மறுநாள் காலைப் பயிற்சியில் லேசாக இப்படி வந்தது. உப்புக் குறைவுதான் காரணம் என்கிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் செலினியம் ஊசி போட்டால் வராது என்கிறார் இன்னொருவர். போன சீசனில் இதே குதிரைக்கு 80 கிலோமீட்டருக்குப் பிறகு விலாப்பக்கம் துடித்தது. அதுவும் இதே நோயா? இப்போது நன்றாகத் தின்கிறது. அடுத்த மாதப் போட்டியில் இறக்கலாமா என்று டிரெய்னர் கேட்கிறார். பெயர் வேண்டாம், ஐயா.

பதில்:

தம்பி, நீங்கள் உப்பையும் ஊசியையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன வரிதான் கண்ணில் பட்டது: இரண்டு நாள் லாயத்திலேயே நிறுத்தி, தானியத்தை மட்டும் வழக்கம்போலக் கொடுத்தது. முதல் தடவை லேசாக வந்ததும் விடுமுறைக்கு மறுநாள்தான். குதிரை நின்றுபோனது பாதையில் என்றாலும், அதற்கான வேலை முந்தைய இரண்டு நாளில் தீனித் தொட்டியில் நடந்து முடிந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

இது பழைய நோய். ஐரோப்பாவில் வண்டியும் கலப்பையும் இழுத்த கனத்த குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்கும், தானியம் குறையாது. திங்கள் காலை வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின்கால் விறைத்து நின்றுவிடும், மூத்திரம் கறுத்துப் போகும். அந்தக் காலத்தில் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே இதைச் சொன்னார்கள். இன்று லாயத்தில் டையிங் அப் என்பார்கள், மருத்துவர் சீட்டில் ராப்டோமயோலைசிஸ் என்று எழுதியிருக்கும்.

தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, நடத்தினால் கரைந்துவிடும் என்று உங்கள் பெரியவர் நினைத்திருப்பார். வெகுகாலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் நெடுந்தூரக் குதிரை பெரும்பாலும் மிதமான வேகத்தில், ஆக்ஸிஜனைக் கொண்டு கொழுப்பை எரித்து ஓடுகிறது. லாக்டிக் அமிலம் குவியும் அளவுக்கு அது வேகம் எடுப்பதில்லை. உண்மையில் நடப்பது வேறு. சுருங்கிய தசை இழை தளர முடியாமல் மாட்டிக்கொள்கிறது, அதன் சவ்வு கிழிகிறது, உள்ளே இருக்கவேண்டிய பொருள்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. அவற்றில் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறமி சிறுநீரகம் வழியாக வெளியேறியதைத்தான் நீங்கள் காப்பி நிறத்தில் பார்த்தீர்கள். அந்த நிறமி சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இன்னும் மோசமாகக் கெடுக்கும்.

ஆகவே நடத்தியது சரியல்ல. இனி இப்படி நின்றால், நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். சேணத்தைக் கழற்றுங்கள். குளிர்காற்று அடித்தால் புட்டத்தின் மேல் கம்பளம் போடுங்கள், வெயிலாக இருந்தால் நிழல் செய்து கொடுங்கள். தண்ணீர் காட்டுங்கள், குடிப்பது அதன் விருப்பம். லாயத்துக்கு நடத்திக்கொண்டு வராதீர்கள், டிரெய்லர் அதனிடம் போகட்டும். மூத்திரம் போனால் ஒரு வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். மருத்துவருக்கு அது ஆயிரம் வார்த்தை பேசும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வலிக்கிறதே என்று லாயத்து அலமாரியில் இருக்கும் ப்யூட்டையோ ஃப்ளூனிக்சினையோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நீர் வற்றிய குதிரைக்கு இந்த வலிமருந்துகள் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். அங்கே ஏற்கெனவே மயோகுளோபின் குவிந்துகொண்டிருக்கிறது. முதலில் சிரை வழியாக நீர் ஏற்ற வேண்டும், மூத்திரம் தெளியும் வரை ஏற்ற வேண்டும். மற்ற மருந்தெல்லாம் அப்புறம், அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பார்க்கிறவர்கள் இதை வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. வேர்வை, பதற்றம், தரையைக் காலால் கீறுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. புட்டத்தையும் பின்தொடையையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பலகை மாதிரி விறைத்து, தொட்டதும் குதிரை கூசினால் சந்தேகம் தசையின் மேல்தான். அதற்கு முன்பே ஓர் அறிகுறி கிடைக்கும். வெட் கேட்டில், அதாவது சுற்றுகளுக்கு இடையே மருத்துவர் சோதிக்கும் இடத்தில், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் கீழே இறங்க வழக்கத்தைவிட நேரமாகும், இறங்கினாலும் மறுபடி ஏறும். பின்கால் எட்டி வைக்கும் தூரம் குறுகிப்போகும். அன்றைக்குக் காரணம் தேடாமல் போட்டியிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. டிரெய்னர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சரி, உப்புக்கு வருவோம். போட்டியில் தசை இறுகுவது இரண்டு வேளையில் வரும், இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. முதல் சுற்றிலேயே வருவது ஓய்வு, தானியம், குளிர், படபடப்பு ஆகியவற்றின் கூட்டு. 70, 80 கிலோமீட்டருக்குப் பிறகு வருவது நீர், உப்பு, சூடு, தீர்ந்துபோன எரிபொருள் ஆகியவற்றின் கூட்டு. உங்கள் குதிரை 15 கிலோமீட்டரில் நின்றிருக்கிறது. அந்த நேரத்துக்குள் உப்பு வற்றிப்போக வாய்ப்புக் குறைவு, தினசரித் தீனியில் உப்பே போடாமல் ஏற்கெனவே குறைவோடு அது புறப்பட்டிருந்தால் ஒழிய.

ஆனாலும் உப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். வெயிலில் வேலை செய்யும் குதிரை மணிக்கு 10 லிட்டர் வரைகூட வேர்க்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 10 கிராம் உப்புகள் போய்விடும். சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் அதில் உண்டு. நமக்கு வேர்த்தால் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகும், ரத்தம் கெட்டியாகி மூளை தாகத்தைத் தூண்டிவிடும். குதிரைக்கு ரத்தத்தில் உள்ள அதே அளவில், சில நேரம் அதைவிட அதிகமாக உப்பு போகிறது. அதனால் உடம்பு வற்றினாலும் தாகம் எடுக்காது. வாளியை மூக்கடியில் வைத்தும் குதிரை குடிக்காமல் நிற்பதை எத்தனையோ வெட் கேட்டில் பார்த்திருப்பீர்கள், அது திமிர் அல்ல. உப்பைச் சேர்த்தால்தான் தாகம் திரும்பும்.

தினமும் தீனியில் 30 முதல் 40 கிராம் சாதாரண உப்பு, காலையும் மாலையுமாகப் பிரித்துப் போடுங்கள். கடும் பயிற்சி நாளில் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். தொங்கவிட்ட உப்புக்கட்டியை நக்கியே எடுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். எல்லாக் குதிரையும் போதுமான அளவு நக்குவதில்லை. போட்டி நாளில் எலக்ட்ரோலைட் கலவையைச் சின்னச் சின்ன அளவாக, தண்ணீர் குடித்த பிறகு மட்டும், ஆப்பிள் கூழிலோ தயிரிலோ குழைத்துக் கொடுங்கள். குடிக்காத குதிரையின் வாயில் கெட்டியான உப்புக்குழம்பைச் செலுத்தினால் அது உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், இரைப்பைப் புண்ணையும் கிளறும். குடிக்க வைக்க இன்னொரு வழி உண்டு: சுற்று முடிந்து வந்ததும் முதல் வாளியில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரையும், அடுத்த வாளியில் நல்ல தண்ணீரையும் காட்டுங்கள். முதல் வாளி உப்பு தாகத்தை அணையவிடாது, இரண்டாவதை நன்றாகக் குடிக்கும். ஆனால் இதைப் பயிற்சி நாட்களிலேயே பழக்குங்கள், போட்டியன்று புதிதாகக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கலவை வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரை முதலில் இருந்தால் கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். பைகார்பனேட், அதாவது சோடா உப்பு, இருந்தாலும் வேண்டாம். வேர்வையில் குளோரைடு ஏராளமாகப் போவதால் நெடுந்தூரக் குதிரையின் ரத்தம் ஏற்கெனவே காரப்பக்கம் சாய்ந்திருக்கும், சோடா அதை இன்னும் தள்ளிவிடும். குறுந்தூரப் பந்தயக் குதிரைக்காரர்கள் சோடாவைப் பற்றிச் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம்.

விலாத் துடிப்பும் இங்கேதான் வருகிறது. அது டையிங் அப் அல்ல, தம்ப்ஸ் என்பது. ரத்தம் காரப்பக்கம் போகும்போது அயனி வடிவக் கால்சியம் குறைகிறது, உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது, அப்புறம் இதயம் துடிக்கும்போதெல்லாம் விலாவும் சேர்ந்து துடிக்கிறது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொண்டு விலாவைப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளத்தில் போவது தெரியும். துடிப்பால் மட்டும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நீரும் உப்பும் எல்லை கடந்துவிட்டன என்பதற்கு அது சாட்சி, வெட் அந்தக் குதிரையை ஓடவிட மாட்டார். இப்படிப்பட்ட குதிரைக்கு வருடம் முழுக்கக் குதிரை மசால் மட்டும் போடுகிறீர்களா என்று பாருங்கள். அங்கே அல்ஃபால்ஃபா என்று வாங்குவது அதைத்தான். அதில் கால்சியம் மிக அதிகம். தினமும் வாய்வழியே தாராளமாக வரும்போது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் உடம்பின் ஏற்பாடு சோம்பிப்போகிறது, அவசரத்துக்குக் கைகொடுப்பதில்லை. அன்றாடம் ரோட்ஸ் என்ற உலர்புல் முதன்மையாகவும் மசால் கொஞ்சமாகவும் இருக்கட்டும். போட்டியின் இடைவேளைகளில் மசாலைக் காட்டலாம், அங்கே அது நல்லது.

செலினியம் ஊசி விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். செலினியமும் வைட்டமின் ஈயும் தசைச் சவ்வைக் காப்பவை, குறைவாக இருந்தால் தசை கெடும் என்பது உண்மை. அதனால் ரத்தத்தில் அளந்து பார்க்கலாம். குறைவு என்று தெரியாமல் ஊசி போடுவதில் பயனில்லை, ஆபத்து உண்டு. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி செலினியத்தில் மிகக் குறுகியது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வெலிங்டன் என்ற ஊரில், அமெரிக்க ஓப்பன் போலோ போட்டிக்கு வந்திருந்த ஓர் அணியின் 21 குதிரைகள் மளமளவெனச் செத்து விழுந்தன. தெம்புக்காகப் போட்ட கலவை ஊசியில் செலினியம் பல மடங்கு கூடிப்போயிருந்தது. நாள் ஒன்றுக்கு எல்லாத் தீவனமும் சேர்த்து 1 முதல் 3 மில்லிகிராம் போதும், அது பெரும்பாலும் தீவனத்திலேயே வந்துவிடும். இரண்டு மூன்று டப்பா சப்ளிமெண்ட் ஒரே நேரத்தில் போடுகிறவர்கள் கூட்டிப் பார்ப்பதே இல்லை. வைட்டமின் ஈ அப்படி அபாயமானதல்ல. பச்சைப் புல்லே பார்க்காமல் காய்ந்த புல்லில் வளரும் பாலைவனக் குதிரைக்கு அது நிச்சயம் தேவை, 1,000 முதல் 2,000 யூனிட் தினமும் வாய்வழியே கொடுக்கலாம். இன்னொன்று, சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டிகளில் அனுமதியில்லாமல் ஊசி போடுவதே குற்றம். மாட்டினால் பெயர் கெடுவது டிரெய்னருக்கு மட்டுமல்ல, ஊசி பிடித்த கைக்கும்தான்.

இனி தீனித் தொட்டி. உங்கள் குதிரை 420 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உலர்புல் ஒரு நாளுக்கு எட்டு கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கட்டும். குதிரையின் பெருங்குடல் பெரிய நீர்த்தேக்கம். நார் நிறைந்த புல் தண்ணீரையும் உப்பையும் அங்கே பிடித்து வைத்திருக்கும், ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பு அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். ஊறவைத்த சர்க்கரை பீட் கிழங்குச் சக்கைக் கூழும் இந்த வேலையைச் செய்யும். பார்லி, ஓட்ஸைக் குறைத்து, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை எண்ணெயிலிருந்தோ அரிசித் தவிட்டிலிருந்தோ கொடுங்கள். எண்ணெயை 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பேதி போகும்.

மிக முக்கியமானது இதுதான்: வேலை குறையும் நாளில் தானியம் குறைய வேண்டும். குறைப்பதை ஓய்வு நாள் காலையில் அல்ல, முந்தின சாயங்காலமே தொடங்குங்கள், பாதியாகவோ அதற்கும் கீழாகவோ. புல்லைக் குறைக்காதீர்கள். வேலை திரும்பிய பிறகு தானியமும் படிப்படியாகத் திரும்பட்டும். போட்டிக்கு முந்தைய நாட்களில் ‘தெம்பு ஏறட்டும்’ என்று கூட்டிப் போடுவதுதான் லாயங்களில் நான் காணும் பெரிய கேடு. அன்று போடும் பார்லி நாளைய நூறு கிலோமீட்டருக்குப் போகாது. நெடுந்தூரத் தெம்பு பல மாதப் பயிற்சியில் தசை கொழுப்பை எரிக்கப் பழகுவதால் வருவது. போட்டியன்றும் புறப்படுவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் தானியம் வேண்டாம். அது இன்சுலினைத் தூண்டி, கொழுப்பு எரியும் அந்த ஏற்பாட்டையே அடக்கிவிடும். புல் எப்போது வேண்டுமானாலும் தின்னட்டும்.

ஓய்வு என்றால் கொட்டிலில் கட்டிப்போடுவது என்று அர்த்தமில்லை. தினமும் வெளியே விடுங்கள். மணல் வளையத்தில் விட்டாலும் சரி, குதிரையைச் சுற்றி நடக்கவைக்கும் வாக்கர் இயந்திரத்தில் அரை மணி நேரம் நடந்தாலும் சரி. ஏற்கெனவே இரண்டு முறை தசை இறுகிய குதிரை ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்கக் கூடாது. காய்ச்சல், இருமல் வந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதைக் கொண்டுவரும் வைரஸ் தசையையும் பிடிக்கலாம், தெளிந்தபிறகும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

புறப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவம் குளிர்காலம், புறப்படுவது விடியற்காலை, சுற்றி நூறு குதிரை துள்ளுகிறது, வண்டிகளின் விளக்கும் சத்தமும் வேறு. குதிரை நரம்பெல்லாம் முறுக்கேறி, உடம்பு சூடாகாமலே முதல் அடியையே கேண்டர் என்ற பாய்ச்சலில் வைக்கிறது. குறைந்தது இருபது நிமிடம் நடையும் டிராட் என்ற மெதுவோட்டமும் முடித்து, புட்டத்தில் கம்பளத்தோடு வரிசைக்குக் கொண்டுபோங்கள். கூட்டம் கிளம்பிப் போனபிறகு இரண்டு நிமிடம் கழித்து உங்கள் ரைடர் கிளம்பினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வேகம் ரைடர் கையில், டிரெய்னர் வாயில் இருக்கிறது என்று தெரியும். கம்பளமாவது உங்கள் கையில் இருக்கிறது.

குளிர்ந்த தண்ணீரைப் பெரிய தசையில் ஊற்றினால் இறுகிவிடும் என்று பயந்து கழுத்துக்கு மட்டும் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸின் வெக்கையை எதிர்கொள்ள நடத்திய ஆய்வுகளில் உடம்பு முழுக்கக் குளிர்நீர் ஊற்றுவது பாதுகாப்பானது, சூட்டையும் வேகமாக இறக்கும் என்று தெரிந்துவிட்டது. சூடேறிய குதிரைக்குத் தாராளமாக ஊற்றுங்கள். சூடு இறங்கியதும் நிறுத்திவிட்டு நடத்துங்கள், காற்று அடித்தால் மூடுங்கள். குளிர்ந்துபோன குதிரையை ஈரத்தோடு காற்றில் நிறுத்துவதுதான் தசையைப் பிடிக்க வைக்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் மூன்றாம் முறை வந்தால் பிறவிக் கோளாறைத் தேட வேண்டும். அமெரிக்காவின் குவார்ட்டர் இனக் குதிரைகளிலும் கனரகக் குதிரைகளிலும் சர்க்கரைச் சேமிப்புத் தசைநோய் ஒன்று உண்டு, அதன் மரபணு மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். அரபு இனத்துக்கு அது அரிது, அந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அரபு எண்டுரன்ஸ் குதிரைகளில் 2016இல் விவரிக்கப்பட்ட மயோஃபிப்ரில்லர் மயோபதி என்ற ஒன்று இருக்கிறது. தசை இழைக்குள் டெஸ்மின் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேரும். அப்படிப்பட்ட குதிரை பல மாதம் நன்றாக ஓடிவிட்டு, திடீரென்று ஒருநாள் இறுகும். பின்தொடைத் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். இதற்கென்று முடி மாதிரியை வாங்கிச் சில கூடங்கள் விற்கும் மரபணுச் சோதனை, தசையைப் பார்த்த முடிவுகளோடு ஒத்துப்போகவில்லை. அதை நம்பிக் குதிரையை ஒதுக்கிவிட வேண்டாம்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். ஒரே வாரத்தில் லாயத்தில் இரண்டு மூன்று குதிரை இப்படி விழுந்தால், தீவன மூட்டையைச் சந்தேகப்படுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடும் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. குதிரைக்கு அது கொஞ்சம் போனாலே தசையும் இதயமும் கெட்டுச் சாகும். மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல், மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அடுத்த மாதம் இறக்கலாமா? தேதியை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன், ரத்தத்தை வைத்துத்தான் சொல்வேன். லாய மருத்துவரிடம் மூன்று அளவு கேளுங்கள்: சிகே, ஏஎஸ்டி, கிரியாட்டினின். முதல் இரண்டும் தசை கிழிந்தால் ரத்தத்தில் ஏறும் நொதிகள், கடைசியது சிறுநீரகத்துக்கு. காப்பி நிற மூத்திரத்தோடு நடத்தியிருப்பதால் அதை விடவே கூடாது. சிகே தசை கிழிந்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, சில நாளில் இறங்கிவிடும். ஏஎஸ்டி மெதுவாக ஏறி வாரக்கணக்கில் தங்கும். சிகே சரியாகி ஏஎஸ்டி மட்டும் உயர்ந்திருந்தால் பழைய காயம் ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் உயர்ந்திருந்தால் இன்னும் கிழிந்துகொண்டிருக்கிறது, சேணமே வேண்டாம். இரண்டும் இறங்கிய பிறகு கையில் பிடித்து நடத்துவதில் தொடங்குங்கள். அது பிசகில்லாமல் போனால் கயிற்றில் 15 நிமிடம் லேசான டிராட் விட்டு, நான்கு மணி நேரம் கழித்து சிகே மறுபடி பாருங்கள். ஓடுவதற்கு முன் இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறினால், வெளியே தெரியாமல் தசை இன்னும் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஏறாவிட்டால் பயிற்சியை வாரம் வாரமாகக் கூட்டலாம். இந்தக் கணக்கில் அடுத்த மாதப் போட்டி வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிரெய்னரிடம் நீங்கள் சொன்னால் கேட்பாரோ என்னவோ, ரத்த அறிக்கையை லாய மருத்துவரே அவர் கையில் கொடுக்கட்டும். எனக்கு எழுதும்போது ரத்தம் எடுத்த நேரத்தையும், அதற்கு முன் குதிரை என்ன வேலை செய்தது, என்ன தின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.